ஓட்டோ ஒடெப்கா: கிளியரன்ஸ் கோப்பில் கடைசிக் கையெழுத்து யாருடையது?

#1 பழையபேப்பர்

மெக்கார்த்தி காலத்தை, அதாவது 1950களின் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் வேட்டையைப் பேச ஆரம்பித்தால் செனட்டர்கள் பெயராகவே அடுக்குகிறோம். கோப்பைத் திறந்து, படித்து, குறிப்பு எழுதி மேலே அனுப்பிய அதிகாரிகள் பக்கம் யாரும் போவதில்லை. அதற்குத்தான் கிளியரன்ஸ் (ரகசியம் புழங்கும் வேலைக்கு ஆளை நம்பலாம் என்ற பாதுகாப்பு அனுமதி) பற்றிய இந்த இழை. ஆள்: ஓட்டோ ஒடெப்கா. இடம்: அமெரிக்க வெளியுறவுத் துறையின் பாதுகாப்பு அலுவலகம், உள்ளே இருப்பவர்கள் வாயில் "எஸ்.ஒய்."

வரிசையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1915ல் சிகாகோவில் பிறப்பு, செக் குடியேறிகளின் மகன். முதலில் சிவில் சர்வீஸ் கமிஷன். 1953ல் ஐசன்ஹோவர் ஆட்சி வந்து, ஸ்காட் மெக்லியோட் பாதுகாப்புப் பொறுப்பேற்றபோது வெளியுறவுத் துறைக்கு வந்தார். 1957ல் எஸ்.ஒய்.யின் துணை இயக்குநர். 1958ல் வெளியுறவுச் செயலர் டல்லஸ் காலத்தில் சிறப்புப் பணிக்கான விருது. கென்னடி ஆட்சியில் ஆள்குறைப்பு என்று சொல்லி அந்தத் துணை இயக்குநர் நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். 1962 தொடக்கத்தில் மதிப்பீட்டுப் பிரிவின் தலைவரானார். 1963 ஜூன் 27ல் அறையும் பெட்டகமும் போயின. செப்டம்பரில் 13 குற்றச்சாட்டுகள், நவம்பர் 5ல் பணிநீக்க உத்தரவு. மேல்முறையீடு இழுத்து இழுத்து 1967ல்தான் விசாரணைக்கு வந்தது. அந்த டிசம்பரில் வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க் பணிநீக்கத்தைக் கைவிட்டு, கடும் கண்டனம் எழுதி, சம்பளப் படிநிலையில் ஜி.எஸ்-15லிருந்து 14க்கு இறக்கினார். 1969ல் நிக்சன் வேறு ஒரு வாரியத்தில் உட்கார வைத்தார். 2010ல் ஃப்ளோரிடாவில் காலமானார்.

வலதுசாரிகளுக்கு இவர் தியாகி, மற்றவர்களுக்கு மெக்கார்த்தி மிச்சம். இரண்டு பாட்டையும் கேட்டாயிற்று. எனக்கு வேண்டியது வேறு: அந்த நாற்காலியில் இருப்பவர் கையில் உண்மையில் என்ன அதிகாரம் இருந்தது? எந்த இடத்தில் அது கைநழுவியது?

#2 கோப்பெருந்தேவி

முதலில் மூன்று வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். விசாரிப்பது ஒருவர், எடைபோடுவது ஒருவர், முடிவெடுப்பது ஒருவர். ஒடெப்கா நடுவில் இருந்தவர். பத்திரிகைகள் மூன்றையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிடும்.

1953 ஏப்ரல் 27ல் வந்த நிர்வாக ஆணை 10450தான் அடித்தளம். அதற்கு முன் ட்ரூமன் காலத்து 9835 இருந்தது. அது "விசுவாசமா இல்லையா" என்று கேட்டது. 10450 கேள்வியை மாற்றியது: இந்த ஆளை வேலையில் வைப்பது தேசப் பாதுகாப்பு நலனுக்குத் தெளிவாக இசைவானதா? "தெளிவாக" என்ற அந்த ஒரு சொல்லில்தான் கனம். சந்தேகம் இருந்தால் அரசுப் பக்கம் தீர்ப்பு. ஆள் துரோகி என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. குடிப்பழக்கம், கடன், படிவத்தில் மறைத்தது, மிரட்டிப் பணியவைக்க இடம்கொடுக்கும் எதுவும் போதும்.

கோப்பு வரும் வழி இது. விண்ணப்பப் படிவமும் கைரேகையும் வரும். கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போகும். மற்ற அமைப்புகளின் பட்டியல்களில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நுண்ணுணர்வுள்ள பதவி என்றால் முழுக் கள விசாரணை: குடியிருந்த தெரு, படித்த பள்ளி, பழைய முதலாளி, அக்கம்பக்கம். இதெல்லாம் கட்டாக மதிப்பீட்டாளர் மேஜைக்கு வரும். அவர் செய்வது பாதகமான தகவலை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுவது. யார் சொன்னது, நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா, எந்த ஆண்டு, மறுக்கும் சாட்சி உண்டா. கடைசியில் பரிந்துரை. கவனியுங்கள், பரிந்துரை மட்டுமே.

இங்கே வழக்கமாக நடக்கும் பிசகு ஒன்று. அந்தக் காலத்து எஃப்.பி.ஐ. அறிக்கைகளில் பெயர் வெளியிடக் கூடாத சாட்சி டி-1, டி-2 என்றுதான் இருப்பார். அந்த எண் அந்த அறிக்கைக்கு மட்டும் உரியது. அடுத்த அறிக்கையில் அதே ஆள் டி-4 ஆக வரலாம். மதிப்பீட்டாளருக்கு அது தெரிய வழியில்லை. ஒரே பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஒரே வம்பு, நான்கு அறிக்கையில் நான்கு சாட்சியாக நிற்கும். எண்ணிக்கையைப் பார்த்து எடைபோட்டவர் ஏமாந்தார். மூலத்தைத் திருப்பிக் கேட்டவர்தான் நல்ல மதிப்பீட்டாளர். ஒடெப்காவை வெறுத்தவர்கள்கூட அவர் மூலம் கேட்கிற ஆள் என்பதை மறுத்ததில்லை. மெதுவானவர், பிடிவாதக்காரர் என்றுதான் குறை சொன்னார்கள்.

#3 தஞ்சைத்தம்பி

அக்கா, ஒரே கோப்பை இரண்டு துறை பார்த்தால் இரண்டு முடிவு வருமா? பரிந்துரை என்றால் அப்படித்தானே ஆகும்?

#4 கோப்பெருந்தேவி

வரும், வந்தது. அதுவும் உங்கள் ஊர் வாசனையோடு. வோல்ஃப் லடெஜின்ஸ்கி என்று ஒரு நிலச்சீர்திருத்த நிபுணர், டோக்கியோ தூதரகத்தில் வேளாண் அதிகாரி. வெளியுறவுத் துறை அவருக்குக் கிளியரன்ஸ் கொடுத்து வைத்திருந்தது. 1954ல் அந்தப் பதவிகள் வேளாண் துறைக்குக் கைமாறின. டிசம்பரில் வேளாண் துறை, பாதுகாப்பு அபாயம் என்று அவரை ஏற்க மறுத்தது. சில வாரத்தில் வெளிநாட்டு உதவி அமைப்பு அவரை வியட்நாம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஒரே மனிதர், ஒரே பழைய தகவல், மூன்று அலுவலகம், மூன்று முடிவு. அந்த லடெஜின்ஸ்கிதான் பிறகு இந்தியத் திட்டக் குழுவுக்காகத் தஞ்சாவூர் உள்ளிட்ட பேக்கேஜ் (தீவிர வேளாண் திட்ட) மாவட்டங்களில் குத்தகை நிலைமையை ஆய்ந்து 1965ல் அறிக்கை கொடுத்தவர்.

#5 தஞ்சைத்தம்பி

அட! குத்தகைதாரர் பாதுகாப்பு பற்றி எழுதும்போது எங்கள் ஆட்கள் மேற்கோள் காட்டும் அதே லடெஜின்ஸ்கியா? இது தெரியாது.

#6 பழையபேப்பர்

தேவி சொன்ன "பரிந்துரை மட்டுமே" என்பதிலிருந்து விலக்கு விவகாரத்துக்கு வருகிறேன். ஒடெப்கா கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வீலண்ட் கதையைப் பெரிதாகச் சொல்வார்கள், அது வாசல்தான்.

(வீலண்ட் தெரியாதவர்களுக்கு: வில்லியம் வீலண்ட், காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்த சமயம் கரீபியன், மெக்ஸிகோ விவகாரங்களைப் பார்த்தவர். 1962 ஜனவரியில் செய்தியாளர் சாரா மெக்லெண்டன், கென்னடியிடம் நேருக்கு நேர் அவர் பெயரைச் சொல்லிப் பாதுகாப்பு அபாயம் என்று கேட்டார். கென்னடி அந்த இடத்திலேயே அவரைத் தாங்கிப் பேசினார். அதற்குப் பிறகு அந்தக் கோப்பில் எந்த மதிப்பீட்டாளர் என்ன எழுதினாலும் அது ஜனாதிபதியை மறுத்து எழுதியதாகிவிடும்.)

10450ன் மூன்றாம் பிரிவு என்ன சொல்கிறது? நுண்ணுணர்வுள்ள பதவியில் ஆளை அமர்த்தும் முன் முழுக் கள விசாரணை முடிந்திருக்க வேண்டும். அவசரம் என்றால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் முன்னதாக அமர்த்தலாம். ஆனால் துறைத் தலைவரே அது தேச நலனுக்கு அவசியம் என்று கண்டறிய வேண்டும், அந்தக் கண்டறிதல் பதிவேட்டில் ஏற வேண்டும். இந்த முன்னனுமதிதான் விலக்கு. அதாவது ரஸ்க் கையெழுத்து. கீழே இருப்பவர் கையெழுத்து செல்லாது.

புதிய ஆட்சியில் ஆட்கள் வேகமாக வந்தார்கள், விசாரணை மாதக்கணக்கில் இழுத்தது. விலக்குகள் குவிந்தன. ஆள் வேலையில் சேர்ந்த தேதிக்கும் விலக்கில் கையெழுத்தான தேதிக்கும் இடைவெளி. அதை மூட முன்தேதி போட்ட விலக்குகள் இருந்தன என்று ஒடெப்கா செனட் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு முன் சொன்னார்.

தேதிதானே என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். விசாரணை முடியாத ஆள் ஜூன் 1 முதல் ரகசியத் தந்திகளைப் படிக்கிறார், விலக்கு ஜூலை 10ல் கையெழுத்தாகிறது. இடையில் உள்ள 39 நாளுக்கு அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. அந்த 39 நாளில் ஒரு தாள் வெளியே போனால் பொறுப்பு யாருக்கு? காட்டியவருக்கா, அமர்த்தியவருக்கா? முன்தேதி போட்டால் அந்தக் கேள்வியே பதிவேட்டிலிருந்து அழிந்துவிடும். கோப்பு சுத்தமாக இருக்கும், நடந்தது வேறாக இருக்கும். (நாள் கணக்கு எடுத்துக்காட்டுக்கு மட்டும்.)

#7 நாலாம்படி

இவ்வளவு ஒழுங்கான ஆள் ஏன் ஆவணத்தைத் துணைக்குழு வழக்கறிஞருக்குத் தூக்கிக் கொடுத்தார்? அங்கேதான் எனக்கு இவர் மீது மரியாதை குறைகிறது. கோப்பு வெளியே போகக் கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிற வேலை இவருடையது.

#8 பழையபேப்பர்

நியாயமான கேள்வி சார். நடந்த வரிசை இது. ஒடெப்கா துணைக்குழு முன் சாட்சி சொன்னார். அவருக்கு மேலே இருந்த ஜான் ரெய்லி வந்து அதற்கு முரணாகச் சொன்னார். துணைக்குழுவின் தலைமை வழக்கறிஞர் சோர்வைன், உங்கள் பேச்சும் அவர் பேச்சும் ஒத்துவரவில்லையே என்று ஒடெப்காவிடம் கேட்டார். சத்தியம் செய்து சொன்ன வாக்குமூலம், பொய் என்றால் குற்றம். தான் சொன்னது மெய் என்று காட்ட அவர் தாள்களைக் கொடுத்தார். கடைசிவரை நின்ற குற்றச்சாட்டுகள் அந்தத் தாள்கள் பற்றியவைதான்: சர்வதேச அமைப்புகள் தொடர்பான ஆலோசனைக் குழு நியமனங்கள் குறித்த குறிப்பாணைகள், ஒரு விசாரணை அறிக்கை.

துறை கையில் எடுத்தது ட்ரூமன் 1948 மார்ச் 13ல் பிறப்பித்த உத்தரவு: விசுவாசக் கோப்புகளை நாடாளுமன்றத்துக்குக் காட்டக் கூடாது. ஒடெப்கா தரப்பு எடுத்தது 1912ன் லாயிட்-லா ஃபாலெட் சட்டம்: கூட்டாட்சி ஊழியர் நாடாளுமன்றத்துக்கோ அதன் குழுவுக்கோ தகவல் கொடுக்கும் உரிமையைப் பறிக்கக் கூடாது. ஒன்று ஜனாதிபதி உத்தரவு, மற்றது சட்டம். எது மேலே?

#9 நாலாம்படி

சட்டம்தான் மேலே. ஆனால் "தகவல்" வேறு, "மூன்றாம் நபரின் விசாரணைக் கோப்பு" வேறு. அந்த விசாரணை அறிக்கைக்குள் இருப்பவர் யாரோ ஒரு அப்பாவி. அவர் வீட்டு விஷயம் சோர்வைன் மேஜையில் கிடக்க அவர் எங்கே ஒப்புதல் கொடுத்தார்? 10450லேயே விசாரணை அறிக்கை அதைத் தயாரித்த அமைப்பின் சொத்து என்றும் ரகசியமாக வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டு குறிப்பாணையைக் கொடுத்ததை நான் ஏற்பேன். அறிக்கையைக் கொடுத்தது தப்பு. "இன்ன தேதியிட்ட அறிக்கை இருக்கிறது, துறையிடம் கேட்டு வாங்குங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும்.

#10 கோப்பெருந்தேவி

நாலாம்படி சொல்வதுதான் இன்றைக்கும் சரியான வழி. தாளைக் கொடுக்காதே, தாள் இருக்கும் இடத்தைச் சொல். ஆனால் அந்த நாள் துறையிடம் கேட்டால் 1948 உத்தரவைக் காட்டிக் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

#11 ரிப்பன்ராஜா

எல்லாரும் சட்டத்தில் இருக்கிறீர்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்த வழக்கில் பாதி போச்சு.

எரிப்புப் பை. ரகசியத் தாள் புழங்கும் அலுவலகத்தில் குப்பைக்கூடை இரண்டு விதம். சாதாரணக் குப்பை ஒன்று. வரைவு, கார்பன் தாள், சுருக்கெழுத்து நோட்டின் கிழிந்த பக்கம், டைப்ரைட்டர் ரிப்பன் எல்லாம் போகிற தடித்த காகிதப் பை இன்னொன்று. மாலையில் மூடி, பொறுப்பானவர் வந்து எடுத்துப்போய் எரிக்க வேண்டும். எரியும்வரை அந்தப் பை ரகசிய ஆவணம்தான். ஆனால் யாரும் அதை அப்படி எண்ணிப் பூட்டுவதில்லை. பையில் போட்டவருக்கு வேலை முடிந்தது என்ற நினைப்பு.

1963ல் ஒடெப்கா அறையின் பையைத் தனியாக எடுத்து, எரிக்காமல் பிரித்துப் பார்த்தார்கள். கார்பன் தாளும் ரிப்பனும் அகப்பட்டன. புதுக் கார்பன் தாளை ஒருமுறை மட்டும் பயன்படுத்தினால் முழுக் கடிதமும் அதில் வெள்ளையாக நிற்கும். விளக்குக்கு எதிரே பிடித்தால் வாசித்துவிடலாம். ரிப்பனில் துணி வகை முன்னும் பின்னும் ஓடும், எழுத்து மேல் எழுத்து விழும், படிப்பது கஷ்டம். ஒருமுறை மட்டும் ஓடுகிற ஃபிலிம் ரிப்பன் என்றால் அடித்த எழுத்து அடித்த வரிசையில் அப்படியே இருக்கும். இப்படித்தான் சோர்வைன், ரெய்லியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒடெப்கா பக்கமிருந்து போயிருக்கின்றன என்று துறைக்குத் தெரிந்தது.

ஆவணங்களின் ரகசிய முத்திரைப் பகுதியை வெட்டியெடுத்த துண்டுகள் பையில் இருந்ததாகவும் குற்றச்சாட்டு எழுதினார்கள். யாரோ போட்டிருக்கிறார்கள் என்றார் ஒடெப்கா. 1967ல் துறையே அந்த வகைக் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. 13ல் 10 போய் 3 மட்டும் மிஞ்சின.

#12 தஞ்சைத்தம்பி

ராஜா அண்ணே, போன் ஒட்டுக்கேட்டதும் இந்த வழக்கில்தானே?

#13 ரிப்பன்ராஜா

ஆமாம் தம்பி. அதில் "ஒட்டுக்கேட்டல்" என்ற சொல்லை வைத்து விளையாடினார்கள். தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர் எல்மர் ஹில், ஒடெப்கா மேஜைப் போனின் உள் இணைப்பை மாற்றினார். ரிசீவர் தொட்டிலில் இருக்கும்போதுகூட அதன் மைக் உயிரோடு இருக்கும்படி. அப்படிச் செய்தால் போன் பேச்சு மட்டும் இல்லை, அறையில் பேசுவதெல்லாம் கம்பி வழியே வரும். ஆனால் கம்பியில் இரைச்சல் ஏறிப் பேச்சு தெளியவில்லை, கைவிட்டோம் என்பது அவர்கள் சொன்ன முடிவு.

1963 கோடையில் துணைக்குழு முன் ரெய்லியும் ஹில்லும் சத்தியம் செய்து மறுத்தார்கள். நவம்பரில், ஒடெப்காவுக்குப் பணிநீக்க உத்தரவு போன கையோடு, முந்தைய பதிலைத் "திருத்தி" கடிதம் வந்தது. முயற்சி செய்தோம், கேட்கவில்லை என்று. இருவரும் பதவி விலகினார்கள். தாளைக் கொடுத்தவருக்கு நான்கு ஆண்டு இழுபறி. சத்தியத்தில் வழுக்கியவர்களுக்கு ராஜினாமாவோடு சரி.

#14 நாலாம்படி

இதில் எனக்கு மறுப்பே இல்லை. சொந்த அலுவலகத்து மதிப்பீட்டாளரைச் சந்தேகித்தால் அதற்கென்று வழி இருக்கிறது: அணுகலை நிறுத்து, எழுத்தில் காரணம் கொடு, வெளி அமைப்பை விசாரிக்கச் சொல். அவருக்குக் கீழேயும் மேலேயும் இருப்பவர்களே ஸ்க்ரூட்ரைவர் எடுத்துப் போனால் கிடைக்கிற எந்தச் சான்றும் நாறும். கைவிட்ட 10 குற்றச்சாட்டுகளே சாட்சி.

#15 அல்லிவிழி

நிறுத்துங்கள் எல்லாரும். 14 பதிவு ஓடிவிட்டது, இந்த அலுவலகம் யாரைத் துரத்தியது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

10450 பட்டியலில் "பாலியல் பிறழ்வு" என்ற வார்த்தை இருந்தது. அதை வைத்து ஒருபாலீர்ப்பாளர்களை வேட்டையாடிய அலுவலகங்களில் முன்வரிசை மெக்லியோடின் எஸ்.ஒய். "மிரட்டலுக்கு இடம் கொடுப்பவர்" என்பது காரணம். மிரட்ட முடிந்ததே அரசு வேலையைப் பறிக்கும் என்பதால்தான். வளையம் புரிகிறதா? ஆயிரக்கணக்கானோர் கூட்டாட்சி வேலையை இழந்தார்கள், பெரும்பாலோர் சத்தமில்லாமல் ராஜினாமா எழுதிக் கொடுத்தார்கள். ராஜினாமா என்றால் விசாரணை இல்லை, மேல்முறையீடு இல்லை, பதிவிலும் காரணம் இல்லை. ஒடெப்காவுக்குக் கிடைத்த வழக்கறிஞரும் விசாரணையும் அவர்களுக்கு எங்கே?

1995ல் நிர்வாக ஆணை 12968 பாலியல் சார்பை வைத்துக் கிளியரன்ஸ் மறுக்கக் கூடாது என்றது. 10450 ஏட்டிலிருந்து போனது 2017 ஜனவரியில். அதே மாதம்தான் வெளியுறவுச் செயலர் ஜான் கெர்ரி துறை சார்பில் மன்னிப்புக் கேட்டார். 1953க்கும் 2017க்கும் இடையே 64 ஆண்டு.

#16 கோப்பெருந்தேவி

அல்லி சொல்வதில் ஒரு சொல்லும் குறைக்க வேண்டியதில்லை. இந்த வேலையின் பெரிய ஆபத்து அதுதான்: பட்டியலில் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறவரும் அநியாயம் செய்யலாம்.

நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிவாளம் போட்டன. 1956ல் கோல் வழக்கு: திடீர் நீக்க அதிகாரம் நுண்ணுணர்வுள்ள பதவிகளுக்கு மட்டும். 1957ல் ஜான் சர்வீஸ் வழக்கு: துறை தானே எழுதிய விதியைத் தானே மீறி ஆளை நீக்க முடியாது. 1959ல் கிரீன் வழக்கு: தனியார் நிறுவனப் பொறியாளரின் கிளியரன்ஸை, சாட்சிகளை எதிர்கொள்ள விடாமல் பறிக்க யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. அதன் விளைவுதான் 1960ன் நிர்வாக ஆணை 10865. பிறகு 1988ல் ஈகன் வழக்கில் கதவு மறுபடி பாதி மூடியது: கிளியரன்ஸ் என்பது யாருடைய உரிமையும் இல்லை, மறுப்பின் சரி தவறை மேல்முறையீட்டு வாரியம் ஆராய முடியாது, நடைமுறை பின்பற்றப்பட்டதா என்று மட்டும் பார்க்கலாம்.

#17 வாசல்தூண்

தேதியும் வழக்கும் போதும். இன்றைக்கு இந்த வேலைக்குப் போகிறவர் என்ன செய்கிறார்? அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் இந்தப் பக்கம் விண்ணப்பிக்கிறார்கள், கிளியரன்ஸ் கேட்டும் போகிறார்கள்.

#18 கோப்பெருந்தேவி

பதவித் தொடர் 0080, பாதுகாப்பு நிர்வாகம். விசாரிப்பவர்கள் வேறு தொடர். பெரும்பகுதி விசாரணை இப்போது பாதுகாப்புத் துறையின் கீழ் 2019ல் அமைந்த டி.சி.எஸ்.ஏ. என்ற விசாரணை அமைப்பின் கையில், வெளியுறவுத் துறை தன் ஆட்களைத் தானே பார்க்கிறது.

எடைபோடும் அளவுகோல் 2017 ஜூன் முதல் சீட்-4 என்ற ஒரே ஆவணம். 13 வழிகாட்டிகள், ஏ முதல் எம் வரை. ஒவ்வொன்றிலும் முதலில் கவலை, அடுத்து தகுதி கெடுக்கும் நிலைமைகள், அடுத்து தணிக்கும் நிலைமைகள். எழுதும் முறை இப்படி. கிரெடிட் கார்டு கடன் 3 கணக்கு வசூலுக்குப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பண விவகாரத்துக்கான வழிகாட்டி எஃப், 19(ஏ): கடனைத் தீர்க்க இயலாமை. அதை எழுதிவிட்டுத் தணிப்புக்கு வர வேண்டும். வேலை போனது, மருத்துவச் செலவு வந்தது, கைமீறிய காரணம், அந்த நிலையிலும் பொறுப்பாக நடந்தார் என்றால் 20(பி). தவணை ஒப்பந்தம் போட்டுக் கட்டிவந்த ரசீது இருந்தால் 20(டி). ரசீது இல்லாமல் "கட்டுகிறேன்" என்ற வாய்ப்பேச்சு எந்த எழுத்திலும் அடங்காது. மறுப்பு என்றால் காரண அறிக்கை எழுதிக் கொடுத்துப் பதில் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். ஒடெப்கா காலத்து நீண்ட வர்ணனைக் குறிப்பு இப்போது இல்லை. எண் போட்டுப் பத்தி.

1963ன் விலக்குக்கு இன்றைய தம்பி இடைக்காலக் கிளியரன்ஸ். படிவத்தைப் பார்த்து, கைரேகைப் பதில் வந்து, குடியுரிமை ஆவணம் சரியாக இருந்தால் முழு விசாரணை முடியும் முன் தருவார்கள். தலைவர் கையெழுத்துக்கு வரிசை கட்டும் நிலை குறைந்தது அதனால்தான்.

#19 வாசல்தூண்

நம் ஆட்கள் எங்கே இடறுகிறார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள் அக்கா.

#20 கோப்பெருந்தேவி

கிளியரன்ஸுக்கு நிரப்பும் படிவம் எஸ்.எஃப்-86. இடறும் இடங்கள் எல்லாம் பிரிவு எண்ணோடு:

பிரிவு 5, வேறு பெயர்கள். பள்ளிச் சான்றிதழில் "எஸ். குமரன்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் ஆகியிருக்கும், அமெரிக்க ஓட்டுநர் உரிமத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும். மூன்றையும் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் பல்கலைக்கழகப் பதிவு தேடும்போது ஆளே இல்லை என்று பதில் வரும். பொய் சொன்னதாக யாரும் நினைக்கவில்லை, ஆனால் மாதங்கள் போகும்.

பிரிவு 18, உறவினர்கள். மாமனார் மாமியார் உண்டு, உயிரோடு இல்லாதவர்களும் உண்டு. பிரிவு 19 வெளிநாட்டுத் தொடர்புகள், அதாவது நெருக்கமானவர்கள். வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கும் 200 பேரும் இல்லை.

பிரிவு 20ஏ, வெளிநாட்டுச் சொத்து. இங்கேதான் பெரிய குழி. "என் பேரில் எதுவும் இல்லை" என்று எழுதிவிடுவார்கள். ஊரில் தாத்தா நிலம் பாகம் பிரிக்காமல் பட்டாவில் கூட்டாக நிற்கும். அம்மா "ஒருவேளைக்கு இருக்கட்டும்" என்று இவர் பேரைச் சேர்த்துப் போட்ட வங்கி டெபாசிட் இருக்கும். பழைய பி.பி.எஃப். இருக்கும். தொகை பெரிய விஷயமே இல்லை. அமெரிக்கச் சொத்தோடு ஒப்பிட்டுச் சிறியது என்றால் வழிகாட்டி பி-யிலேயே (வெளிநாட்டுச் செல்வாக்கு) தணிப்பு உண்டு. மறைத்தது தெரிந்தால் கேள்வி பி-யிலிருந்து ஈ-க்கு, நேர்மைக்குத் தாவும். பி-யில் தப்பிக்கலாம், ஈ-யில் கஷ்டம். மறந்துபோனது என்றால் அவர்கள் எதிரே வைக்கும் முன் நீங்களே திருத்துங்கள், 17(ஏ) அதற்குத்தான்.

ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டை இந்தியச் சட்டப்படி இரட்டைக் குடியுரிமை இல்லை. இருந்தாலும் கேட்டால் எடுத்துச் சொல்லுங்கள். மாநிலத்தில் கஞ்சா சட்டபூர்வம் என்பதும் இங்கே எடுபடாது, கூட்டாட்சிச் சட்டம்தான் கணக்கு.

#21 நாலாம்படி

அளவுகோல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் போதாது, சோவியத்துக்கு ரகசியம் விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் அந்த நாளில் தப்பினாரே. சி.ஐ.ஏ. சம்பளக்காரர் 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கினார், ஜாகுவார் ஓட்டினார், 1986லும் 1991லும் பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி) சோதனை தாண்டினார். 1994ல்தான் கைது. 12968ல் நிதி விவரம் கேட்கும் பகுதி வந்ததே அதற்குப் பிறகுதான். மதிப்பீட்டாளர் கோப்பில் இருப்பதைத்தான் எடைபோடுவார். கோப்புக்குள் வராதது எடையில் ஏறாது.

#22 ரிப்பன்ராஜா

கோப்பே வெளியே போன கதையும் உண்டு. 2015ல் பணியாளர் நிர்வாக அலுவலகத்தின் கணினியிலிருந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணை விவரம் திருடு போனது தெரிந்தது. எரிப்புப் பையைத் துழாவ வேண்டிய அவசியமே இல்லாமல்.

#23 மர்மயோகி

பெரியவர்களே, ஒடெப்கா பெட்டகத்தில் கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஆஸ்வால்டின் கோப்பு இருந்தது, அதனால்தான் நீக்கினார்கள், 17 நாளில் கென்னடி கொலை. இதை ஏன் யாரும் பேசவில்லை?

#24 பழையபேப்பர்

ஆவணம் சொல்வது இவ்வளவு: 1960 அக்டோபரில் வெளியுறவுத் துறை, சோவியத் பக்கம் போன அமெரிக்கர்களின் பட்டியலை அனுப்பி சி.ஐ.ஏ.விடம் விவரம் கேட்டது. அதில் ஆஸ்வால்ட் பெயரும் உண்டு. அதிலிருந்து 1963க்கு முடிச்சுப் போட ஒரு தாளும் இல்லை. பெட்டகம் பறிபோனது ஜூனில். துணைக்குழுவோடு மோதல் அதற்கும் முன். அடுத்தது.

#25 அல்லிவிழி

அவர் பக்கம் நின்றவர்கள் யார் என்பதையும் பதியுங்கள். செனட்டர் தாமஸ் டாட், ஒடெப்கா தாள் கொடுத்ததை செனட்டில் உரக்க ஆதரித்தார். பிறகு டாட்டின் சொந்த ஊழியர்களே அவர் அலுவலகக் கோப்புகளைப் பிரதியெடுத்துப் பத்தி எழுத்தாளர்கள் பியர்சனுக்கும் ஆண்டர்சனுக்கும் கொடுத்தார்கள். 1967 ஜூனில், ஒடெப்கா விசாரணை நடந்த அதே மாதம், தேர்தல் நிதி விவகாரத்தில் செனட் டாட்டைக் கண்டித்தது. அப்போது ஊழியர்கள் ஆவணம் எடுத்ததை அவர் திருட்டு என்றார்.

#26 நாலாம்படி

வழக்கறிஞரையும் சேருங்கள். ஒடெப்காவுக்கு வாதாடியவர் ரோஜர் ராப். 1954ல் அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் கிளியரன்ஸ் விசாரணையில் அரசுத் தரப்பில் நின்று அவரைக் குறுக்கு விசாரணை செய்த அதே ராப். ஓப்பன்ஹைமரின் கிளியரன்ஸைப் பறித்த அந்த முடிவை 2022 டிசம்பரில் எரிசக்தித் துறை ரத்து செய்தது. காரணம், அணுசக்தி ஆணையம் தன் விதியைத் தானே மீறியது.

#27 தஞ்சைத்தம்பி

கடைசியாக ஒன்று. நிக்சன் கொடுத்த வாரியம் என்ன வேலை? மீண்டும் கிளியரன்ஸா?

#28 பழையபேப்பர்

இல்லை தம்பி. கீழறுப்பு நடவடிக்கைகள் கட்டுப்பாட்டு வாரியம், 1950 சட்டத்தில் பிறந்தது. கம்யூனிஸ்ட் அமைப்புகளைக் கண்டறிந்து பதிவுசெய்ய வைப்பது வேலை. 1965ல் உச்ச நீதிமன்றம் கட்சி உறுப்பினர்களைப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்த முடியாது என்று சொன்னபின் செய்ய ஒன்றும் மிஞ்சவில்லை. 1971ல் நிக்சன் ஆணை போட்டு உயிர் கொடுக்கப் பார்த்தார், செனட்டில் எதிர்ப்பு. ஒடெப்கா 1972ல் வெளியே வந்தார், 1973ல் வாரியமே மூடியது. ஆண்டுச் சம்பளம் 36,000 டாலர். மேஜைக்குக் கோப்பு மட்டும் வரவில்லை.